புகை விட்டவர்

அரசாங்கம் ஒருவருக்கு நல்லது செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் அவர் தப்பிப்பது கஷ்டம். என் பக்கத்துக் கடை ஃப்ரேம்காரர் விஷயத்தில் இதை நான் கூடவே இருந்து பார்த்தேன். என்னுடையது ஜெராக்ஸ் கடை. அவருடைய மனு, மனுவின் இணைப்பு, இணைப்பின் நகல், நகல் அசலைப் போலவே இருக்கிறது என்பதற்கான உறுதிமொழி எல்லாமே என் மெஷின் வழியாகத்தான் போயின. இந்த விவகாரத்தில் லாபம் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கேட்டுவிடக் கூடாது.

ஃப்ரேம்காரர் கண்ணாடி வெட்டுவார், சட்டம் இழைப்பார், பின்பக்கம் அட்டை வைத்து ஆணி அடிப்பார். கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், பொன்னாடை வாங்கிய படம் எதைக் கொண்டுபோனாலும் ஃப்ரேம் போட்டுத் தருவார். கடைக்கு மேலேயே வீடு. இரண்டு கடைக்கும் நடுவில் பதினோரு படிகள் ஏறிப் போகும். அவரை நான் அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். தினமும் பதினோரு மணிக்கு அண்ணி எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவருவார். படி இறங்கி, டீயைக் கொடுத்து, என் கடை மேசை மேல் இருக்கும் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதே வேகத்தில் ஏறிப் போய்விடுவார்.

ஃப்ரேம்காரர் ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் பிடித்தவர். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணி டீயைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க. டீ ஆறுறதுக்குள்ள சொல்லுங்க."

டீ ஆறுவதற்குள் அவர் விட்டுவிட்டார். முதல் மாதம் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கண்ணாடி கோணலாக வெட்டுப்படும், விரல் வெட்டுப்படும், வாடிக்கையாளர் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆனால் ஒன்றுகூடத் தொடவில்லை.

ஆறு மாதம் கழித்து நலவாழ்வுத் துறை ஊதும் மெஷினோடு வந்தது. ஒரு குழாயில் ஊதினால் மூச்சில் எவ்வளவு புகை இருக்கிறது என்று எண் காட்டும். ஏழுக்குக் கீழே வந்தால் விட்டவர் என்று அர்த்தம். அண்ணன் ஊதியதில் இரண்டு வந்தது. உடனே ஒரு விழா வைத்துவிட்டார்கள். துணை இயக்குநர் மேடையில் முழங்கினார்.

"தோழர்களே! நீங்கள் விட்டது புகையை அல்ல, பகையை! அணைத்தது நெருப்பை அல்ல, வெறுப்பை! நீங்கள் இழந்தது ஒன்றே ஒன்றுதான், இருமல்!"

சொல்லிவிட்டு அவரே நன்றாக இருமினார். பிறகு சான்றிதழ் கொடுத்தார். 'இவர் புகை விட்டவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்று அதில் இருந்தது. ஊருக்கெல்லாம் ஃப்ரேம் போடுபவர் தனக்கென்று போட்ட முதல் ஃப்ரேம் அதுதான். தேக்குச் சட்டம், உள்ளே தங்கக் கோடு, கடையிலேயே உயர்ந்த கண்ணாடி. கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். வருகிறவர்களெல்லாம் படிக்கட்டும் என்று அதற்கு மேலே ஒரு சின்ன விளக்கும் வைத்தார்.

அதே வருஷம்தான் பெரிய திட்டம் வந்தது. புகையிலை வரியை இரண்டு மடங்காக்குவது, அந்தப் பணத்தில் ஊரில் எல்லோருக்கும் வைத்தியம். யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நானே கை தட்டினேன், விரலிடுக்கில் சிகரெட்டோடு.

ஆனால் விலை ஏறியதும் ஜனங்கள் விட ஆரம்பித்துவிட்டார்கள். விடவேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம். விடக் கூடாது என்பது திட்டத்தின் வருமானம். ஊரில் இருமல் குறையக் குறைய அலுவலகத்தில் கவலை கூடியது. கடைசியில் ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் சிகிச்சையில் முதலிடம் 'பங்களிப்பாளர்' குடும்பங்களுக்கு, அதாவது புகைப்பவர் வீட்டுக்கு. அடுத்து எந்தக் காலத்திலும் புகைக்காதவர். கடைசியில் விட்டவர்.

நான் பங்களிப்பாளர். என் மாமியாரின் இரண்டு முழங்காலும் என் புகையில் மாற்றியவை. அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டுவதில்லை. "வெளிய போய்ப் பிடிங்க மாப்ள" என்று மட்டும் சொல்வார், அதுவும் மரியாதையாக.

இப்படி இருக்கும்போது அண்ணி ஒரு நாள் ஏறுகிற வழியில் எட்டாவது படியில் நின்றார். டம்ளர்களை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னமோ யோசிப்பதுபோல நின்றார். அடுத்த மாதம் ஆறாவது படியில். அதற்கடுத்த மாதம் நான்காவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, இரண்டு மாதத்துக்குள் மாற்றவேண்டும் என்றார். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துக் கொடுத்தார். திட்டத்தின் ஒப்புதல் கடிதம் முந்தின நாளே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்தக் கட்டில் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

அண்ணன் ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு தெம்பாக வந்தார். "தம்பி, எனக்குத்தான் சான்றிதழ் இருக்கே. துறையே கொடுத்தது. அதைப் பார்த்தா மறுப்பானா?" என்றார். நகல் போதும் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சுவரிலிருந்து ஃப்ரேமோடு கழற்றி, துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். ஒரு ஃப்ரேம்காரரைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அலுவலகத்தில் எங்களைக் கவனித்த அதிகாரி, துறையில் ஆள் பற்றாக்குறையால் இரண்டு பதவி பார்ப்பவர். மேசை மேல் ஒரு மரப்பலகை இருந்தது. ஒரு பக்கம் 'புகை ஒழிப்பு அலுவலர்', மறுபக்கம் 'புகை வருவாய் அலுவலர்'. மதியம் ஒரு மணி வரை முதல் பக்கம், பிறகு இரண்டாவது. நாங்கள் போனபோது மணி பன்னிரண்டே முக்கால்.

ஃப்ரேமைப் பார்த்ததும் அதிகாரி எழுந்து நின்றார்.

"ஐயா! உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஊர் மூச்சு விடுது. எவ்வளவு அழகா மாட்டி வெச்சிருக்கீங்க! இப்படி எல்லாரும் விட்டுட்டா எங்களுக்கு வேலையே இருக்காது" என்று அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீ சொன்னார். நாற்காலி இழுத்துப் போட்டார். வீட்டம்மா விஷயம் கேட்டு உச்சுக் கொட்டினார். மனுவை வாங்கி முதல் பக்கம் படித்துக்கொண்டிருந்தபோது சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது. அதிகாரி கையை நீட்டிப் பலகையைத் திருப்பி வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை வருஷம் ஆச்சு விட்டு?"

"மூணு வருஷம் சார்" என்றார் அண்ணன், இன்னும் சிரித்த முகத்தோடு.

"மூணு வருஷமா! அதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு பாக்கெட்."

அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார். தட்டத் தட்ட அவர் முகம் சுருங்கியது.

"ஒரு கட்டில், ஒரு மெத்தை, கால்வாசி நர்ஸ். உங்க ஒருத்தரால மட்டும் இந்த ஊருக்கு இவ்வளவு நஷ்டம். புகைக்காதவங்களை நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. அவங்க எங்களுக்கு ஆசை காட்டவே இல்ல. நீங்க ஆசை காட்டிட்டு நடுவழியில விட்டுட்டுப் போனவர். மனசு எவ்வளவு கஷ்டப்படும் எங்களுக்கு?"

அண்ணனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு ஃப்ரேமை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தார்.

"சார், விடச் சொன்னதே நீங்கதானே? பாருங்க, கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

அதிகாரி குனிந்து பார்த்தார். "ஆமா. இது காலையில போட்ட கையெழுத்து."

"அப்போ என் சம்சாரம்?"

"விட்டவர் வரிசையில பதிஞ்சு வைக்கிறேன். நாலு வருஷத்துல வந்துடும்."

"டாக்டர் ரெண்டு மாசம்னு சொல்றாரே சார்."

"டாக்டருக்கு வைத்தியம் தெரியும். வரிசை தெரியாது" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பாதியாவது அவருக்கு வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் எங்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்படுகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

வெளியே வந்து அலுவலகப் படியில் உட்கார்ந்தோம். அண்ணன் ஃப்ரேமை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் விழுந்த விரல் தடத்தைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"தம்பி, நான் விட்டது தப்பா?"

நான் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தேன். பற்ற வைத்த பிறகுதான் அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது.

அடுத்த ஒரு மாதம் மேல்முறையீடு எழுதினோம். மாவட்டத்துக்கு, மண்டலத்துக்கு, தலைமைக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆறு நகல். என் புகையை அண்ணிக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று நான் ஒரு மனு போட்டேன். 'இரவல் புகை ஏற்பதற்கில்லை' என்று பதில் வந்தது. அண்ணி இப்போது இறங்கி வருவதே இல்லை. டீயை அண்ணன் போட்டுக் கொண்டுவருவார். சர்க்கரை ஒரு நாள் இருக்காது, ஒரு நாள் இரண்டு பங்கு இருக்கும்.

சான்றிதழை நாற்பது தடவைக்கு மேல் நகல் எடுத்திருப்பேன். மெஷினில் வைக்கிறவன் எதையும் படிப்பதில்லை. அன்றைக்கு மின்சாரம் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அதைப் படித்தேன். படித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, நீங்க சிகரெட்டை நிறுத்திட்டீங்கன்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

"என்ன தம்பி சொல்றே? புகை விட்டவர்னு இருக்கே."

"அதான். புகை விட்டவர். மூக்கு வழியா விட்டவரும் புகை விட்டவர்தானே அண்ணே?"

அண்ணன் கண்ணாடி வெட்டும் வைரக் கட்டையைக் கீழே வைத்தார். ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்த ஒற்றை வரியை வைத்து மனு போட்டோம். துறையே இவரைப் புகை விட்டவர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது, ஆகவே இவர் பங்களிப்பாளர். அண்ணனின் மேல்முறையீடு எதற்கும் இதுவரை பதில் போடாத துறை மூன்றே நாளில் பதில் போட்டது. அலுவலகங்களுக்கு உயிர் போவது பெரிய விஷயமில்லை, வார்த்தை பிசகினால் பதறிவிடுவார்கள். பொருள் விளக்கக் குழு ஒன்று கூடும் என்றும், மனுதாரர் நோயாளியோடு நேரில் வரவேண்டும் என்றும் கடிதம் சொன்னது. குழு கூடும் நாளுக்கும் ஆபரேஷனுக்கும் இடையில் நான்கு நாள்தான் இருந்தது.

அண்ணியை நாற்காலியோடு தூக்கிப் படி இறக்கினோம். குழு அறையில் துணை இயக்குநர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் நம் இரட்டைப் பலகை அதிகாரி, மறுபக்கம் மொழி ஆலோசகர். அவர் எதிரே ஐந்து அகராதிகள். சுவரில் 'இங்கே புகைக்காதீர்' என்று ஒரு பெரிய பலகை. அதற்கு ஃப்ரேம் போட்டதும் அண்ணன்தான். மூலையில் ஒரு ஆணி சரியாக இறங்கவில்லை என்பதை அவர் உட்கார்ந்த உடனேயே பார்த்துவிட்டார்.

மொழி ஆலோசகர் அரை மணி நேரம் பேசினார்.

"புகையை விட்டவர் என்று விரித்தாலும் சிக்கல் தீராது. இரண்டு பொருளுக்கும் அதே உருபுதான் வருகிறது. வேலையை விட்டவர் என்றால் இப்போது வேலை இல்லை. ஆனால் பட்டம் விட்டவர் என்றால்? பட்டம் பறந்துகொண்டிருக்கிறது! அடுப்பு புகை விட்டது என்கிறோம். அடுப்பு திருந்திவிட்டது என்றா அதற்குப் பொருள்?"

துணை இயக்குநர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். "அருமை. அப்போ முடிவு?"

"சொல்லில் முடிவு இல்லை. சொல் மயங்கும் இடத்தில் செயலைத்தான் பார்க்கவேண்டும். மனுதாரர் குழுவின் முன்னிலையில் புகை விட்டுக் காட்டினால், அவர் எந்தப் பொருளில் விட்டவர் என்று தெரிந்துவிடும்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஓரத்தில் நாற்காலியில் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க" என்றார் அண்ணி. அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

நான் என் பாக்கெட்டை நீட்டினேன். இரவல் கூடாது என்று தடுத்தார்கள். பியூன் போய்ப் புதிதாக வாங்கி வந்தார். பற்ற வைக்கப் போனபோது இரட்டைப் பலகை அதிகாரி கையை உயர்த்தினார்.

"மணி ஒண்ணு ஆக இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. இப்போ நான் பார்த்தா தடுத்தாகணும்."

ஏழு நிமிஷம் காத்திருந்தோம். துணை இயக்குநர் அந்த நேரத்தில் அண்ணியிடம் ஆறுதலாகப் பேசினார். "கவலைப்படாதீங்கம்மா. எங்க துறைக்கு உங்க மூச்சுதான் முக்கியம்" என்றார்.

ஒரு மணி அடித்தது. அறைக்குள் புகைக்கக் கூடாது என்பதால் அண்ணனை ஜன்னல் ஓரம் நிறுத்தி, தலையை மட்டும் வெளியே நீட்டச் சொன்னார்கள். மூன்று வருஷம் கழித்துப் பற்ற வைத்தார். முதல் இழுப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணெல்லாம் தண்ணீர். உடம்பு ஜன்னல் கட்டையில் மோதி மோதிக் குலுங்கியது. எனக்கு அழுகை வந்தது. அவமானமாகவும் இருந்தது. அண்ணி பார்க்கவில்லை. தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய வந்துச்சா?" என்றார் துணை இயக்குநர்.

ஆலோசகர் எட்டிப் பார்த்தார். "வாய் வழியாக வந்தது. மூக்கு வழியாகவும் கொஞ்சம்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார்: 'மனுதாரர் புகை விட்டார்.' அதிலும் இரண்டு அர்த்தம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒப்புதல் கடிதத்தில் முத்திரை விழுந்தது. வாசலில் காவலாளி, அரசு வளாகத்தில் புகைத்ததற்கு அண்ணனுக்கு அபராதம் எழுதினார். இரட்டைப் பலகை அதிகாரி பின்னாலேயே ஓடி வந்து, "ரசீதைப் பத்திரமா வைங்க ஐயா, இதுவும் பங்களிப்புதான்" என்றார். நல்ல மனுஷன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. இதை நான் சொல்லியே ஆகவேண்டும். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், நர்ஸுகள் அன்பானவர்கள், மருத்துவமனை பளபளவென்று இருந்தது. அத்தனையும் புகையில் கட்டியது. இரண்டு மாதத்தில் அண்ணி நாலு படி ஏறினார், பிறகு எட்டு, பிறகு பதினொன்று. டீ திரும்பவும் வந்தது. என் மேசைத் தூசியைப் பற்றிய பேச்சும் வந்தது.

ஆனால் புது வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடவேண்டும். வெளியே வாங்கினால் கடையை விற்றாலும் கட்டாது. திட்டம் மாதாமாதம் இலவசமாகத் தரும், பங்களிப்பாளர் குடும்பம் என்றால். சிலர் பாக்கெட்டை வாங்கிக் கணக்குக் காட்டிவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள் என்று தணிக்கையில் கண்டுபிடித்துவிட்டதால், ஒவ்வொரு மாதமும் ஊதிக் காட்டவேண்டும். அதே பழைய மெஷின், அதே ஏழு. இப்போது மேலே வரவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் முதல் மாதம் ஐந்துதான் ஊதினார்.

"அஞ்சுக்கு மாத்திரை தர முடியாதுங்களே" என்றார் அதிகாரி. "இந்தத் தடவை நான் பார்த்துக்கிறேன். ஆனா நீங்க இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும். ஒரு நாளைக்கு மூணாவது வேணும். மனசு வெச்சா முடியாதது இல்ல."

அன்றிலிருந்து காலை ஒன்று, மதியம் ஒன்று, கடை சாத்தும்போது ஒன்று. என் கடை வாசலில் நின்று பிடிப்பார். நான் ருசித்துப் பிடிக்கிறவன். அவர் விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு பிடிப்பார். சான்றிதழ் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, விளக்கோடு. வருகிறவர்கள் படித்துவிட்டு அவர் விரலிடுக்கைப் பார்ப்பார்கள்.

நேற்று சாயங்காலம் கடை சாத்திவிட்டுப் படி ஏறினார். ஆறாவது படியில் நின்றுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். மேலேயிருந்து அண்ணி இறங்கி வந்தார். நான் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டார் அண்ணன்.

"போட்டேன். நீங்க?"

"ரெண்டு ஆச்சு."

"மூணு சொல்லியிருக்காங்க. நாளைக்கு ஊதற நாள்."

"முடியலடி. நெஞ்சு எரியுது. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடறேனே."

அண்ணி முந்தானையில் முடிந்து வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு அன்னிக்குப் பெரிசாச் சொன்னேன். இப்ப அது இருந்தாத்தான் நான் இருப்பேனாம். போய்ப் பிடிச்சிட்டு வாங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் ஆறு படியும் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். இருமலில் இரண்டு குச்சி அணைந்து வீணாகிவிட்டது. மூன்றாவதை நான்தான் பற்ற வைத்துக் கொடுத்தேன். அவர் இழுத்தார், இருமினார், திரும்ப இழுத்தார். அண்ணி ஆறாவது படியிலேயே நின்று, அவர் கடைசி வரை பிடித்து முடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.